காலியான மைதானமும் கறுப்புப் பெட்டியும்

2014 கோடையில் ரொனால்ட் கூமன் ட்விட்டரில் ஒரு படம் போட்டார். பச்சைப் புல், வெள்ளைக் கோடுகள், ஆள் நடமாட்டமே இல்லாத பயிற்சி மைதானம். பயிற்சிக்கு எல்லாம் தயார் என்று கீழே ஒரு வரி. சவுத்தாம்ப்டன் கால்பந்து கிளப்பின் புதிய பயிற்சியாளர் அவர். வேடிக்கைக்காகத்தான் போட்டார். ஆனால் அந்த ஊர் ரசிகர்களுக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் படம் சொன்னது ஏறக்குறைய உண்மை.

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள துறைமுக நகரம் சவுத்தாம்ப்டன். அதன் அணி முந்தைய சீசனில் பிரீமியர் லீக்கில் 56 புள்ளிகளுடன் 8ஆம் இடம் பிடித்திருந்தது. அந்த அணியை உருவாக்கிய பயிற்சியாளர் மவுரிசியோ பொச்செட்டினோ மே மாதமே டாட்டன்ஹாமுக்குப் போய்விட்டார். பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ரிக்கி லம்பெர்ட், ஆடம் லல்லானா, டேயன் லோவ்ரென் மூவரும் லிவர்பூலுக்கு. லூக் ஷா மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு. கேலம் சேம்பர்ஸ் ஆர்சனலுக்கு. ஐவரின் விலையும் சேர்ந்து ஏறத்தாழ 9 கோடி பவுண்ட். லல்லானாவும் ஷாவும் அந்த ஆண்டு சக வீரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த லீக்கின் சிறந்த 11 பேரில் இடம்பெற்றவர்கள். லல்லானா, ஷா, லம்பெர்ட் மூவரும் இங்கிலாந்தின் உலகக் கோப்பை அணியில் இருந்தவர்கள். ஐந்தாண்டுகளுக்கு முன் இதே கிளப் கடனில் மூழ்கி, 10 புள்ளிகள் தண்டனையாகக் கழிக்கப்பட்டு, மூன்றாம் நிலை லீக்கில் கிடந்தது. அங்கிருந்து ஏறி வந்த அணி ஒரே கோடையில் கலைந்தது. அடுத்த சீசனில் இவர்கள் கீழ் டிவிஷனுக்கு இறங்குவார்கள் என்று பத்திரிகைகள் எழுதின.

இறங்கவில்லை. 2014-15இல் சவுத்தாம்ப்டன் 60 புள்ளிகளுடன் 7ஆம் இடம் பிடித்தது. பிரீமியர் லீக்கில் அதுவரை அந்த கிளப் அவ்வளவு புள்ளிகள் எடுத்ததில்லை. முந்தைய ஆண்டு 46 கோல்கள் வாங்கிய அணி இம்முறை 33தான் வாங்கியது; லீக்கில் அதைவிடக் குறைவாக வாங்கியது சாம்பியன் செல்சி மட்டும், 32. ஐந்து பேரை விற்ற அணி எப்படி முன்னைவிட வலுவானது? விற்ற பணத்தால் என்பதுதான் உடனே தோன்றும் பதில். அது போதாத பதில் என்பதற்கு அதே லீக்கில், ஓராண்டு முன்பு நடந்த இன்னொரு கதை சாட்சி.

அதற்கு முன் இந்தச் சந்தை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். ஐபிஎல் ஏலத்தில் எல்லா அணிகளுக்கும் ஒரே செலவு வரம்பு. ஒரே அரங்கில் ஏலம். ஐரோப்பியக் கால்பந்தில் அந்தச் சமன் கிடையாது. வீரர் ஒரு கிளப்போடு ஒப்பந்தத்தில் இருக்கும்போது அவரை வேண்டும் கிளப், அவரை வைத்திருக்கும் கிளப்புக்கு விலை கொடுக்க வேண்டும். வீரரோடு ஊதியத்தைத் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தம் முடிந்துவிட்டால் விலையே இல்லை, வீரர் சும்மா நடந்து போகலாம். 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில் தந்த உரிமை அது. ஆகவே சிறிய கிளப்புக்குக் கடிகாரம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒப்பந்தம் தேயத் தேய வீரரின் விலையும் தேயும். பெரிய கிளப் பல மடங்கு ஊதியம் காட்டி அழைக்கும். வீரரும் போக ஆசைப்படுவார். விற்காமல் இருப்பது பல நேரம் அந்த கிளப்பின் கையிலேயே இல்லை. விற்ற பிறகு என்ன செய்வது என்பதுதான் அதன் கையில் இருக்கிறது.

2013இல் டாட்டன்ஹாம், கேரத் பேலை ரியல் மாட்ரிட்டுக்கு விற்றது. விலை 8.5 கோடி பவுண்டுக்கு மேல், அன்றைய உலக சாதனை. முந்தைய சீசனில் லீக்கில் மட்டும் 21 கோல்கள் அடித்தவர் பேல். (அவரும் சவுத்தாம்ப்டன் அகாடமியில் வளர்ந்தவர்தான்.) அந்தக் கோடையில் டாட்டன்ஹாம் 10 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்து ஏழு பேரை வாங்கியது: பாலினோ, சாட்லி, சோல்டாடோ, கபூ, கிரிக்கேஷ், லமேலா, எரிக்சன். ஒருவருக்கு ஈடாக ஏழு பேர் என்று கேட்கவே கம்பீரமாக இருந்தது. நவம்பரில் மான்செஸ்டர் சிட்டியிடம் 6-0, டிசம்பரில் சொந்த மைதானத்தில் லிவர்பூலிடம் 5-0. மறுநாளே பயிற்சியாளர் ஆந்திரே வில்லாஸ்-போவாஸ் வெளியேறினார்.

ஏழு பேரும் மட்டமான ஆட்டக்காரர்கள் அல்ல. எரிக்சன் பின்னாளில் அந்த அணியின் மூளையாகவே ஆனார். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. நடுக்களத்தில் சான்ட்ரோ, முசா டெம்பெலே இருவரும் இருக்கும்போதே பாலினோவும் கபூவும் வந்தார்கள். பேல் செய்துகொண்டிருந்த வேலை, அதாவது பந்தோடு வெட்டவெளியில் பாய்வதும் தொலைவிலிருந்து கோல் அடிப்பதும், வந்தவர்களில் யாருடைய இயல்பும் அல்ல. சோல்டாடோ கோல் முகத்தருகே நின்று, தன்னைத் தேடி வரும் பந்தை முடித்து வைக்கும் ரகம். அந்த அணியில் பந்து அவரைத் தேடி வரவில்லை. 2.6 கோடி பவுண்டுக்கு வந்தவர் இரண்டு லீக் சீசன்களில் 7 கோல்கள் அடித்தார். போன ஒருவரின் பெயருக்கு ஈடாகப் பெயர்களை வாங்கினார்கள். களத்தில் காலியான இடம் காலியாகவே இருந்தது.

சவுத்தாம்ப்டனின் 2014 பட்டியலை இதன் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு உடனே தெரியும். இடது ஃபுல்பேக் ஷா போனார். அதே இடத்துக்கு ரயன் பெர்ட்ரண்ட் செல்சியிலிருந்து இரவலாக வந்தார். நடுத் தடுப்பில் லோவ்ரென் போனார். அத்லெட்டிகோ மாட்ரிட்டிலிருந்து டோபி ஆல்டர்வெய்ரல்ட், அவரும் இரவல். உயரமான, கோலுக்கு முதுகைக் காட்டி நின்று பந்தைப் பிடித்துத் தோழர்களுக்குக் கொடுக்கும் ஸ்டிரைக்கர் லம்பெர்ட். அவர் இடத்துக்கு அதே வார்ப்பில் இத்தாலியர் கிராசியானோ பெல்லே. கோல் வாய்ப்புகளை உருவாக்கும் லல்லானாவுக்கு ஈடாக டூசான் டாடிச். சேம்பர்ஸின் இடத்துக்கு யாரும் தேவைப்படவில்லை, நத்தானியேல் கிளைன் ஏற்கெனவே அங்கே இருந்தார். ஓட்டைகளை அடைத்த பிறகு, அணியில் முன்பு இல்லாத ஒன்றைச் சேர்த்தார்கள்: வேகம். சால்ஸ்பர்க்கிலிருந்து சாடியோ மானே, டிரான்ஸ்ஃபர் காலத்தின் கடைசி நாளில் வந்து சேர்ந்தார். டாடிச், பெல்லே, மானே மூவருக்கும் தலா ஏறக்குறைய 1 கோடி பவுண்ட்தான்.

இன்னொன்றும் செய்தார்கள், அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. நடுக்கள வீரர் மோர்கன் ஷ்னைடர்லினும் போகத் துடித்தார். ஆறாண்டுப் பயணம் ஒரு மணி நேரத்தில் அழிந்துவிட்டது என்று ட்விட்டரில் பகிரங்கமாகக் குமுறினார். கிளப் அசையவில்லை. ஷ்னைடர்லின், வன்யாமா, ஸ்டீவன் டேவிஸ், பின்வரிசையில் கேப்டன் ஃபோன்டே என்று அணியின் முதுகெலும்பு அப்படியே இருந்தது. ஐந்து பேரைக் கொடுத்தவர்கள் ஆறாவது ஆளைக் கொடுக்க மறுத்தார்கள். அந்த ஒரு மறுப்பு, அந்தக் கோடையில் வாங்கிய எந்த வீரருக்கும் குறைந்த மதிப்புடையது அல்ல என்பதே இக்கட்டுரையாளரின் கணிப்பு.

இவ்வளவு துல்லியமாக, இவ்வளவு விரைவில் ஆட்களைத் தேர்ந்தெடுக்க முடிந்ததற்குக் காரணம், தேர்வு அந்தக் கோடையில் தொடங்கவில்லை என்பதுதான். சவுத்தாம்ப்டனின் ஸ்டேபிள்வுட் பயிற்சி வளாகத்தில் ஓர் அறை இருந்தது. ‘பிளாக் பாக்ஸ்’ என்று பெயர், கறுப்புப் பெட்டி. பல நாட்டு லீக்குகளின் ஆட்டப் பதிவுகள், வீரர்களின் விவரங்கள், ஸ்கவுட்டுகள் நேரில் பார்த்து எழுதிய குறிப்புகள் எல்லாம் அங்கே ஒரே திரையில் வந்து சேரும். கிளப்பின் கால்பந்துப் பிரிவைப் பொறுப்பேற்று நடத்தியவர் லெஸ் ரீட். வீரர் தேர்வைக் கவனித்தவர் பால் மிட்செல். இன்ன வீரர் நாளை போனால் இன்ன குணமுடைய ஆள் வேண்டும், அப்படிப்பட்டவர்கள் இன்ன இன்ன ஊரில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் வீரர் போகும் முன்பே அங்கே தயாராக இருக்கும். நல்ல குடியானவர் விதைநெல்லை எடுத்து வைத்த பிறகுதான் மிச்சத்தைச் சந்தைக்குக் கொண்டுபோவார். இங்கே நடந்ததும் அதுதான்.

அந்த அறையின் அறிவோடு கூமனின் அறிவும் சேர்ந்தது. அவர் ஃபெயெனோர்டில் பயிற்சியாளராக இருந்தபோது அவருக்குக் கீழ் ஆடியவர் பெல்லே. 57 லீக் ஆட்டங்களில் 50 கோல்கள். டாடிச்சை நெதர்லாந்து லீக்கில் எதிரணியில் பார்த்திருக்கிறார். ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்பையும் அவர்கள் விடாமல் கவனித்தார்கள்: 2013இல் வன்யாமா, 2014இல் கோல்கீப்பர் ஃபிரேசர் ஃபோர்ஸ்டர், 2015இல் வர்ஜில் வான் டைக் என்று ஆண்டுக்கு ஒருவராக அங்கிருந்து வந்தார்கள். ஸ்காட்லாந்து லீக் தரம் குறைந்தது என்று பெரிய கிளப்புகள் வான் டைக்கைத் தயக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

தவறே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2014இல் இரவலாக வந்த சஃபிர் டைடர் சில வாரங்களிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். ஆல்டர்வெய்ரல்டை நிரந்தரமாக வாங்க நினைத்தபோது ஒப்பந்தச் சிக்கலில் டாட்டன்ஹாம் அவரைக் கொண்டுபோனது. ஆனாலும் தேறியவர்கள் தேறாதவர்களை ஈடுகட்டினார்கள். 2014 அக்டோபரில் சண்டர்லாந்தை 8-0 என்று வென்றது அந்த அணி. 2015 மே மாதம் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக மானே 2 நிமிடம் 56 விநாடிகளில் மூன்று கோல்கள் அடித்தார். பிரீமியர் லீக்கில் அதைவிட வேகமான ஹாட்ரிக் அதுவரை இல்லை.

மூன்று பேரை வாங்கிய லிவர்பூல் என்னவானது? அவர்களும் அதே கோடையில் தங்கள் ஆகப் பெரிய ஆளை விற்றிருந்தார்கள். 2013-14இல் 31 லீக் கோல்கள் அடித்த லூயிஸ் சுவாரெஸ் பார்சிலோனாவுக்குப் போனார். கிடைத்த பணத்தில் சவுத்தாம்ப்டன் மூவரோடு மார்க்கோவிச், மொரேனோ, எம்ரே ஜான், பலோட்டெல்லி என்று ஒரு கூட்டமே வந்தது. சுவாரெஸின் இடத்தில் ஆட வந்த பலோட்டெல்லி லீக்கில் அடித்தது ஒரே ஒரு கோல். முந்தைய ஆண்டு 101 கோல்கள் அடித்த அணி 52க்கு இறங்கியது. முன்கள வீரர் ஸ்டரிட்ஜின் காயமும் இதில் ஒரு காரணம்தான். ஆனால் புள்ளிப் பட்டியல் சொல்வதைக் கவனிக்க வேண்டும்: 2014-15இல் லிவர்பூல் 62, சவுத்தாம்ப்டன் 60. அடுத்த ஆண்டு சவுத்தாம்ப்டன் 63, லிவர்பூல் 60. தன் வீரர்களை வாங்கிய கிளப்பைவிட விற்ற கிளப் மேலே நின்றது.

கால்பந்துப் பொருளாதாரத்தை ஆராய்ந்த ஸ்டெஃபான் ஸிமான்ஸ்கியின் முடிவு ஒன்று இங்கே பொருந்துகிறது. ஒரு கிளப் கொடுக்கும் மொத்த ஊதியத்துக்கும் அது லீக்கில் பிடிக்கும் இடத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. டிரான்ஸ்ஃபருக்குச் செலவழித்த தொகைக்கு அவ்வளவு நெருங்கிய தொடர்பு இல்லை என்பது அவர் கண்டது. வீரரை வாங்கும் விலையில் பதற்றம், பெருமை, ஏஜென்ட்டின் சாமர்த்தியம், விற்பவரின் பிடிவாதம் எல்லாம் கலந்திருக்கின்றன. பெரிய விற்பனை முடிந்த மறுநாள் இந்தக் கலப்படம் உச்சத்துக்குப் போகும், ஏனென்றால் பையில் எவ்வளவு இருக்கிறது என்று சந்தை முழுவதற்கும் தெரிந்துவிடும்.

பார்சிலோனாவுக்கு நேர்ந்தது இதுதான். 2017 ஆகஸ்டில் பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் 22.2 கோடி யூரோவை எடுத்து வைத்து நெய்மாரைக் கொண்டுபோனது. உலகமே அந்தத் தொகையைப் படித்தது. அதே மாதம் பார்சிலோனா போருசியா டார்ட்மண்டிடம் உஸ்மான் டெம்பெலேயை வாங்கப் போனபோது விலை 10.5 கோடி யூரோ, மேலும் கூடுதல் தொகைகள். டார்ட்மண்ட் ஓராண்டுக்கு முன் அவரை வாங்கியது சுமார் 1.5 கோடிக்கு. டெம்பெலே அடுத்த மாதமே தசை கிழிந்து படுத்தார். பிறகு 2018 ஜனவரியில் லிவர்பூலிடமிருந்து பிலிப்பே குட்டீன்யோ, எல்லாத் தொகையும் சேர்த்தால் 14 கோடி பவுண்ட் வரை. டெம்பெலே சாதாரண ஆட்டக்காரர் அல்ல. 2025இல் உலகின் சிறந்த வீரருக்கான பாலன் தோர் விருதே வாங்கினார், ஆனால் வேறு கிளப்பில். குட்டீன்யோவை பார்சிலோனா பயர்ன் மூனிக்குக்கு இரவலாக அனுப்பியது. 2020 ஆகஸ்டில் பயர்ன், பார்சிலோனாவை 8-2 என்று வென்ற ஆட்டத்தில் கடைசி இரண்டு கோல்களையும் அடித்தவர் அவர்தான்.

குட்டீன்யோவை விற்ற லிவர்பூல், 2014இன் லிவர்பூல் அல்ல. வீரர் தேர்வு அப்போது மைக்கேல் எட்வர்ட்ஸின் பொறுப்பில் இருந்தது. அவருக்குத் துணையாக, இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற இயன் கிரஹாம் தலைமையில் ஓர் ஆய்வுப் பிரிவு. ஆகஸ்டில் பார்சிலோனா கேட்டபோது கொடுக்கவில்லை. டிசம்பர் 27 அன்று வான் டைக்கை 7.5 கோடி பவுண்டுக்கு வாங்குவதாக அறிவித்துவிட்டு, ஜனவரியில்தான் குட்டீன்யோவை விட்டார்கள். கோடையில் ரோமாவிலிருந்து கோல்கீப்பர் அலிசன் வந்தார். போனவர் முன்கள வித்தைக்காரர். வந்தவர்களோ ஒரு தடுப்பாட்டக்காரரும் ஒரு கோல்கீப்பரும்.  அணிக்கு எது மிகவும் குறைகிறது என்று பார்த்தார்கள், போனவரின் நிழலைத் துரத்தவில்லை. 2019இல் சாம்பியன்ஸ் லீக், 2020இல் 99 புள்ளிகளுடன் லீக் பட்டம்.

அந்த வான் டைக்கை லிவர்பூலுக்கு விற்றது சவுத்தாம்ப்டன்தான். 1.3 கோடிக்கு வாங்கி 7.5 கோடிக்கு விற்றார்கள். கணக்குப் புத்தகத்தில் அது பெருவெற்றி. ஆனால் அதற்குள் கிளப்பிலிருந்து வேறொன்று கசிந்து போயிருந்தது. பால் மிட்செல் 2014 நவம்பரிலேயே பொச்செட்டினோவைத் தொடர்ந்து டாட்டன்ஹாமுக்குப் போய்விட்டார். 2016 கோடையில் மானே, வன்யாமா, பெல்லே மூவரோடு கூமனும் கிளம்பினார். வீரர்களுக்கு ஈடு தேடும் கிளப்புகள், ஈடு தேடித் தருபவர்களுக்கு ஈடு தேட மறந்துவிடுகின்றன. வருத்தத்தோடு சொல்ல வேண்டிய செய்தி இது.

வான் டைக் பணம் கைக்கு வந்த 2018 ஜனவரியில் சவுத்தாம்ப்டன் மொனாக்கோவிலிருந்து கிடோ கரியோ என்ற ஸ்டிரைக்கரை 1.9 கோடி பவுண்டுக்கு வாங்கியது, கிளப்பின் அதுவரையிலான வரலாற்றிலேயே அதிக விலைக்கு. அன்றைய பயிற்சியாளர் மவுரிசியோ பெல்லெக்ரினோவுக்கு அவரை அர்ஜென்டினாவின் எஸ்டுடியாண்டெஸ் நாட்களிலிருந்தே தெரியும். கூமனுக்குப் பெல்லேயைத் தெரிந்திருந்ததைப் போலத்தான் இதுவும். பயிற்சியாளருக்குப் பழக்கமான ஆள் என்பது தன்னளவில் எதையும் உறுதி செய்யாது என்பதற்கு இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் போதும். கரியோ பிரீமியர் லீக்கில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அணி 36 புள்ளிகளுடன் 17ஆம் இடத்தில் தப்பியது. 2018 நவம்பரில் லெஸ் ரீட்டும் வெளியேற்றப்பட்டார். 2022இல் புதிய உரிமையாளர்களின் கீழ் மான்செஸ்டர் சிட்டி அகாடமியிலிருந்து ஒரே கோடையில் நான்கு இளைஞர்கள் வந்தார்கள். அந்த சீசனில் மூன்று பயிற்சியாளர்கள் மாறினார்கள். 25 புள்ளிகளுடன் அணி கடைசி இடத்தில் இறங்கியது. திரும்பி ஏறி வந்த 2024-25இல் கிடைத்தது 12 புள்ளிகள்.

நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்பிலும் ஏறக்குறைய இதே வரிசை. 2022இல் தேர்வுப் பொறுப்பாளர் மார்க் ஓவர்மார்ஸ் தகாத நடத்தைக்காக விலகினார், பயிற்சியாளர் டென் ஹாக் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார், அந்தோனி உட்படப் பல வீரர்கள் விற்கப்பட்டார்கள். பணம் குவிந்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் இறுதியில் நெதர்லாந்து லீக்கின் கடைசி இடத்தில் நின்றது அயாக்ஸ். இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப் இதற்கு எதிர்முனை. 2022-23 சீசன் தொடங்கிய பிறகு பயிற்சியாளர் கிரஹாம் பாட்டரையும் பிறகு வீரர் தேர்வுத் தலைவரையும் செல்சி அழைத்துக்கொண்டது. சீசன் முடிந்த கோடையில் நடுக்கள வீரர் கைசெடோவை விற்றார்கள், கூடுதல் தொகைகள் சேர்த்து விலை 11 கோடி பவுண்டுக்கு மேல். ஆனால் தரவும் தேர்வு முறையும் எந்த ஓர் அலுவலரோடும் போய்விடாமல், உரிமையாளர் டோனி புளூமின் கையிலேயே இருந்தன. பாட்டர் போன அதே சீசனில் அந்த அணி 6ஆம் இடம் பிடித்து, முதல்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றது.

2019 ஜூன் 1, மாட்ரிட். சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், லிவர்பூலும் டாட்டன்ஹாமும். லிவர்பூலின் தடுப்பில் வான் டைக். முதல் நிமிடத்திலேயே பந்தை எதிராளியின் கையில் படவைத்து பெனால்டி வாங்கித் தந்தவர் மானே. மாற்று வரிசையில் லல்லானா, லோவ்ரென், சவுத்தாம்ப்டன் அகாடமியில் வளர்ந்த ஆக்ஸ்லேட்-சேம்பர்லைன். எதிர்ப்பக்கத்தில் பயிற்சியாளர் பொச்செட்டினோ, தடுப்பில் ஆல்டர்வெய்ரல்ட், மாற்று வரிசையில் வன்யாமா. எல்லோரும் ஸ்டேபிள்வுட் புல்லில் பயிற்சி செய்தவர்கள். அந்த சீசனில் சவுத்தாம்ப்டன் 39 புள்ளிகளுடன் லீக்கில் 16ஆம் இடம்.